மாஸ்டர் கன் பார்க்கப் போனார்

காற்றழுத்தத்தில் நட்டு கழற்றுகிற இரண்டரை கிலோ ஏர் கன்னைத் தலைக்கு மேல் நீட்டிப் பிடித்துக்கொண்டு, மாஸ்டர் தன் நாத்தனார் புது பிரிட்ஜ் வாங்கிய கதையை டூல்ஸ் கடை சேல்ஸ்மேனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "வாசல்ல நுழையல. கதவைக் கழட்டுங்கன்னா. கழட்டினோம். அப்பவும் நுழையல. சுவரை இடிச்சா என்னன்னு கேக்கிறா, பாத்துக்கோங்க." டை கட்டிய அந்த மனிதர், பாவம், எங்கே சிரிக்க வேண்டும் என்று தெரியாமல் எல்லா இடத்திலும் சிரித்துவைத்தார். பிரிட்ஜ் சமையலறைக்குப் போய்ச் சேருவதற்குள் மாஸ்டரின் கை தோள் வரை இறங்கிவிட்டது. கன்னை மேஜைமேல் வைத்தார். "இது வேணாம். அடுத்ததை எடுங்க."

கதை முடிகிறவரை கை தாங்க வேண்டும். அதுதான் பரீட்சை. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, அண்ணாந்து பார்த்து நட்டு கழற்றுகிற பிழைப்பில், பலம் இவ்வளவு என்று பெட்டிமேல் அச்சடித்த பெரிய எண்ணை வைத்துக்கொண்டு நாக்கா வழிப்பது என்பது அவர் கட்சி. மூன்று கன்னுக்கும் அதே நாத்தனார்தான். மூன்றாவது முறை பிரிட்ஜ் உள்ளே போயேவிட்டது. அதற்குள் சேல்ஸ்மேனுக்கு அந்த வீட்டு வாசலின் அகலம் மனப்பாடம் ஆகியிருந்தது.

மாஸ்டர் என்றதும் நீங்கள் ஒரு மீசையைக் கற்பனை செய்திருந்தால் அழித்துவிடுங்கள். நாற்பத்தெட்டு வயதுப் பெண்மணி. கொண்டைமேல் ஒரு பழைய தொப்பி, மேல்சட்டைப் பையில் சீப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவர், பேச்சில் எப்போதும் அரைச் சிட்டிகை மிளகாய். கார் ஒர்க்‌ஷாப் சொந்தமாக நடத்துகிறார். கட்டின கணவர் முதற்கொண்டு எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தான்.

நட்டுகளுக்கெல்லாம் உறவுமுறை வைத்திருக்கிறார். துருப்பிடித்து அசையாமல் கிடப்பது மாமனார். "எழுந்திரிங்கன்னு எத்தனை தடவை சொன்னாலும் எழுந்திரிக்க மாட்டாரு." ஸ்பேனரோடு சேர்ந்து சும்மா சுற்றிக்கொண்டே இருப்பது கொழுந்தன். "சுத்திட்டே இருப்பான், வீட்டை விட்டு வெளிய மட்டும் போக மாட்டான்." கை வைத்ததும் சத்தமில்லாமல் கழன்று வருகிற நட்டுக்குப் பெயர் 'எங்க வீட்டுக்காரர்'.

அந்த வீட்டுக்காரர் ஒரு டெய்லர். ஒர்க்‌ஷாப்புக்கு அடுத்த அறையில் அவருடைய தையல் மிஷின். இந்தப் பக்கம் கிரீஸ், அந்தப் பக்கம் வெள்ளைத் துணி, நடுவில் ஒரு கதவு. அதை இருவரும் திறப்பதற்கு முன் கையைத் துடைத்துக்கொள்வார்கள். பேச்சு அபூர்வம். வாயில் குண்டூசி இருப்பதால் அவர் பேசுவதில்லையா, பேச வேண்டாமே என்றுதான் குண்டூசியை வாயில் வைத்திருக்கிறாரா என்பது இருபத்து நாலு வருஷமாகத் தீராத வழக்கு. அன்றைக்கு டூல்ஸ் கடைக்கும் பை தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஆம்பளையைக் கண்டதும் சேல்ஸ்மேனுக்கு உயிர் வந்தது.

"சார், உங்களுக்கு எந்த மாடல் காட்டட்டும்?"

"எனக்கு ரெண்டு டஜன் சட்டை பட்டன் வேணும். இருக்கா?" என்றார் டெய்லர்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. இத்தனை வருஷமாக ஏர் கன் என்றாலே மாஸ்டருக்கு இளக்காரம். "காத்துல வேலை பாக்கிறவனெல்லாம் மெக்கானிக்கா? பலூன் விக்கலாமே" என்று எதிர் ஷெட்காரரை நேருக்கு நேர் கேட்டவர். வீல் ஸ்பேனரில் நீளமாக ஒரு பைப்பைச் சொருகி, ஏறி மிதித்து, எப்பேர்ப்பட்ட மாமனாரையும் எழுப்பிவிடுவார். அப்படிப்பட்டவர் திடீரென்று கன் வாங்கப் போகிறேன் என்றால் ஊர் கேட்காதா? கேட்டது. "காலம் மாறுதுல்ல? நாமளும் மாறணும்" என்று எல்லாருக்கும் ஒரே பதிலை எடுத்துவைத்திருந்தார்.

காலமாவது மண்ணாவது. ஏழெட்டு மாதமாக மாஸ்டரின் வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துக் கிடக்கின்றன. முதலில் காலையில் மட்டும் எறும்பு ஊர்ந்தது. பிறகு அந்த எறும்பும் போய்விட்டது. பலம் இருக்கிறது, பிடி இருக்கிறது, தொட்டால்தான் தெரியவில்லை. டாக்டரிடம் போனால் வேலையை நிறுத்து என்பார். வேலையை நிறுத்தினால் மாஸ்டர் யார்? டெய்லர் பொண்டாட்டி. டெய்லர் பொண்டாட்டியாக இருப்பதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் அது மட்டுமாக இருக்க அவர் தயாராக இல்லை. திருகுகிற வேலையைக் கன் பார்த்துக்கொண்டால் கைக்கு ஓய்வு, யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டுத்தான் கடை ஏறியிருந்தார். அந்த மூன்று விரலையும் கடவுளுக்குக்கூடக் காட்டியிருக்கவில்லை.

ரகசியம் இருக்கிறதே தவிர வாய்க்கு ஒன்றும் குறைவில்லை. சேல்ஸ்மேன் கடையிலேயே பெரிய கன்னைக் கொண்டுவந்து, "மேடம், இது லாரி நட்டையே கழட்டும்" என்றார்.

"கழட்டட்டும், சந்தோஷம். எவ்வளவு காத்து குடிக்கும்?"

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்து ஓர் எண்ணைச் சொன்னார். மாஸ்டர் உதட்டைப் பிதுக்கினார். "என் கம்ப்ரசர் டயருக்குக் காத்தடிக்கிற சின்னது. ரெண்டு நட்டுக்கு மேல தாங்காது. மூணாவது நட்டுக்கு நான் நின்னு வாயால ஊதணுமா?" காற்றுக்கு ஒல்லிப் பைப்பை மாட்டிவிட்டு, கன்னில் பலமில்லை என்று கன்னைத் திட்டுகிறவர்களைப் பற்றி ஒரு பாட்டம் பேசினார். பேசி முடித்து, தன் கம்ப்ரசர் தாங்கக்கூடிய அரை இஞ்சு கன்னையும் அதற்கு அகலமான பைப்பையும் எடுத்துவைக்கச் சொன்னார். கையில் அதிர்வு எதில் குறைவு என்று நடுவே போகிறபோக்கில் ஒரு கேள்வி கேட்டார். சேல்ஸ்மேனுக்கு அது தெரியவில்லை.

கன் முனையில் மாட்டி நட்டைக் கவ்வுகிற சாக்கெட் விஷயத்தில் இன்னும் மோசம். பளபளவென்று வெள்ளி மாதிரி மின்னுகிற செட் ஒன்றைத் திறந்து காட்டினார்கள். மாஸ்டர் மூடியைப் படக்கென்று மூடினார். "இது கையால திருப்புறதுக்கு. கன்ல மாட்டி அடிச்சா ஒரு நாள் வெடிக்கும். எங்க எதிர் ஷெட்காரர் மாட்டினாரு. துண்டு பறந்து காலண்டர்ல குத்திச்சு. நல்லவேளை, அன்னைக்கு லீவு நாள், யாருக்கும் ஒண்ணும் ஆகல." கன்னுக்கென்றே வருகிற தடித்த கறுப்பு சாக்கெட்டுகள்தான் வேண்டும் என்றார். அதிலும் பன்னிரண்டு மூலை வேண்டாம், ஆறு மூலை. "பன்னெண்டு மூலைக்காரன் யார்கிட்டயும் ஒட்டிப்பான். கொஞ்சம் அழுத்திக் கேட்டா வழுக்கிடுவான். ஆறு மூலைக்காரன் அப்படியில்ல, பிடிச்சா பிடிச்சதுதான்." அலாய் வீலின் குழிக்குள் நுழைய மெல்லிய சுவரோடு நீளமாக இரண்டு தனியாக வாங்கிக்கொண்டார்.

கடைசியாக, கழற்றவும் பூட்டவும் திசை மாற்றுகிற சின்ன லீவரை வலது கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார். தள்ளுவதற்கு முன் குனிந்து, விரல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டார். ஒரு நொடிதான். பையோடு நின்ற டெய்லர் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இத்தனைக்கும் அப்போது அவர் வாயில் குண்டூசி இல்லை.

மறுநாள் காலையில் புதுக் கன்னுக்கு முதல் போணி ஒரு ஸ்கூல் வேன். அதன் டிரைவருக்கு எப்போதும் அவசரம். இன்ஜினை அணைக்காமலே இறங்குகிற ஜாதி. முன் சக்கரத்தில் பிரேக் கட்டை மாற்ற வேண்டும். மாஸ்டர் கன்னை நட்டில் பொருத்தி விசையை அழுத்தினார். டர்ர்ர். ஒரு நட்டு. டர்ர்ர். இன்னொன்று. ஐந்தும் ஒரு கொட்டாவி விடுகிற நேரத்தில் வந்துவிட்டன. மாஸ்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அட சண்டாளா, இவ்வளவு நாளா எங்கடா இருந்தே?" என்று கன்னைக் கொஞ்சினார். எதிர் ஷெட்காரர் வாசலுக்கு வந்து, "பலூன் என்ன விலை மாஸ்டர்?" என்று கேட்டதைக்கூடப் பெரிய மனதோடு மன்னித்தார்.

பிரேக் கட்டை மாறியது. சக்கரத்தைத் தூக்கி மாட்டினார். பூட்டுவதில் இந்தத் தொழிலுக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தக் கன்னாக இருந்தாலும் முதல் மூன்று சுற்று விரலால்தான். நட்டு, போல்ட்டின் மரைச் சுருளில் நேராக ஏறுகிறதா, கோணிக்கொண்டு ஏறுகிறதா என்பது விரல் நுனிக்குத்தான் தெரியும்; கன்னுக்கு அந்த விவஸ்தையெல்லாம் கிடையாது. மாஸ்டர் ஐந்து நட்டையும் விரலால் வைத்துத் திருகினார். நேராகத்தான் போகிறது என்று நினைத்தார். கன்னை அழுத்தினார். நாலு நட்டு ஒழுங்காக ஏறின. ஐந்தாவது பாதியிலேயே முனகி, கீச்சிட்டு, நின்றது. கழற்றிப் பார்த்தால் நட்டின் உள்ளே மரை இல்லை. போல்ட்டிலிருந்து இரும்புச் சுருள் ஒன்று தொங்கியது.

"நட்டு மட்டம்" என்றார் மாஸ்டர். "கன்னு மட்டம். அந்த டை கட்டின ஆளு தலையில கட்டிட்டான்."

டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு நட்டு இருக்குல்ல மாஸ்டர்? ஒண்ணு இல்லன்னா என்ன, ஓடும். புள்ளைங்க தெரு முனையில நிக்கும்."

மாஸ்டர் கெட்ட நட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே பயம் பிடித்துக்கொண்டது. ஐந்தாவது நட்டு சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்தது. சத்தம் போடாமல் கோணியிருந்தால்? மற்ற நாலும் நேராகத்தான் ஏறின என்று எதை வைத்துச் சொல்வது? இந்த விரலை வைத்தா? வேன் கண்ணாடியில் ஏதோ ஒரு பிள்ளை ஒட்டிய பூ ஸ்டிக்கர் இருந்தது. அதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

நடுக் கதவு திறந்தது. டெய்லர் வந்தார், கையைத் துடைக்காமலே. நட்டை எடுத்து, சுண்டுவிரலை உள்ளே விட்டுச் சுற்றினார். "கன்னு மேல தப்பில்ல" என்றார். "கையைக் காட்டு."

"கைக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு."

"காட்டு. கண்ணை மூடிக்கோ." டெய்லர் சட்டைக் காலரில் குத்தியிருந்த ஒரு குண்டூசியை எடுத்தார்.

"இவரு ஒருத்தரு, வேலை நேரத்துல வித்தை காட்டிக்கிட்டு." முணுமுணுத்தபடி மாஸ்டர் கையை நீட்டிக் கண்ணை மூடினார். நேரம் போனது. கம்ப்ரசர் ஒரு தடவை உறுமி ஓய்ந்தது. "என்னங்க, குத்தப் போறீங்களா இல்லையா? டிரைவர் குதிக்கிறாரு பாருங்க."

"குத்தி எடுத்தாச்சு" என்றார் டெய்லர். "மூணு விரல்லயும்."

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். மூன்று விரல் நுனியிலும் கடுகளவு ரத்தம் இருந்தது. கண் கலங்கிவிட்டது, அதைப் புறங்கையால் துடைத்ததில் கன்னத்தில் கிரீஸ் பட்டது.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்."

"வேலையை நிறுத்தச் சொல்வாரு."

"சொல்லட்டும். கேக்கிறதா வேணாமான்னு வீட்டுக்கு வந்து சண்டை போட்டுக்கலாம்." இருபத்து நாலு வருஷத்தில் டெய்லர் ஒரே நாளில் பேசிய அதிகபட்சப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

மாஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு டிரைவரிடம் திரும்பினார். "வேன் இப்ப நகராது. வேற வண்டி சொல்லுங்க."

"மாஸ்டர், நாலு நட்டு—"

"நாலு நட்டுல உங்க வீட்டு ஆளுங்களை ஏத்திட்டுப் போங்க. அந்தப் புள்ளைங்களை ஏத்த விட மாட்டேன். போனைப் போடுங்கய்யா."

டிரைவர் போனைப் போட்டார். மாஸ்டர் ஏறியிருந்த நாலு நட்டையும் கழற்றி, சக்கரத்தை இறக்கி, கெட்ட போல்ட்டைச் சுத்தியால் அடித்து வெளியே தள்ளினார். சுத்தி பிடிக்க விரல் நுனி தேவையில்லை. அந்த வேலையில் அவருக்கு இன்னும் ஜோடி கிடையாது. புது போல்ட் உட்கார ஒரு மணி நேரம் ஆனது. கழற்றிய நாலு நட்டையும் டெய்லரிடம் கொடுத்து மரையைத் தடவிப் பார்க்கச் சொன்னார். நாலும் நன்றாக இருந்தன. ஐந்தாவதற்குப் புதிது எடுத்தார். சக்கரம் மறுபடி ஏறியது.

டெய்லர் பக்கத்திலேயே நின்றிருந்தார். வெள்ளைச் சட்டையின் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார்.

"நூல் கோணலாப் போனா எனக்குத் தெரியும்" என்றார். "இதுவும் தெரியும்னுதான் நினைக்கிறேன்."

தன் பட்டறையில் ஒரு வீல் நட்டை வேறு ஒருவர் விரல் ஏற்ற மாஸ்டர் அதுவரை விட்டதில்லை. கன்னைத் தரையில் வைத்தார். முதல் நட்டை எடுத்துத் தன் சட்டையிலேயே நன்றாகத் துடைத்தார். பிறகு அதை இடது உள்ளங்கையில் வைத்து, அவரிடம் நீட்டினார்.