தவமணி சொல்லாத பெயர்

அந்த வதந்தியைக் கிளப்பியவள் நான்தான்!

மட்டக்களப்பு வாவியோரக் கிராமம் ஒன்றில் தரம் ஆறின் வகுப்பாசிரியை நான். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசியை என் மாணவிகளுக்குப் போட இருந்த நேரத்தில், அது பிள்ளைப்பேற்றைக் கெடுக்கும் என்று சொன்னவள் நான். இதுவரை எவரிடமும் இதைச் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதன்முறையாக...

பெற்றோரின் சம்மதப் படிவங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிய மறுநாள், தவமணி பாடசாலை வாசலுக்கு வந்தாள். இறால் உரித்துப் பிழைப்பவள். அவளுடைய மகளும் என்னுடைய மகளும் என் வகுப்பில்தான் படித்தார்கள்.

"ரீச்சர், இந்த ஊசியப் போடுறதா விடுறதா? வாசிச்சா எனக்கு விளங்குதில்ல. நீங்க சொன்னா நான் கேப்பன்."

படிவத்தோடு வந்த விளக்கத்தாளை நான் வாசிக்கவேயில்லை. கைபேசியில் வந்த யாரோ ஒருவரின் குரல்பதிவை மட்டும் கேட்டிருந்தேன். 'தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்' என்றிருக்கலாம். ஆசிரியை என்ற கர்வம் விடவில்லை!

"பின்னடிக்குப் பிள்ள தங்காதாம். நான் என்ட மகளுக்குப் போட விடமாட்டன்," என்றேன்.

மூன்றே நாட்கள். பாதிக்கு மேற்பட்ட படிவங்கள் 'விருப்பமில்லை' என்று திரும்பி வந்தன.

"ஆர் இந்தக் கதையக் கிளப்பின?" என்று அதிபர் கேட்டார்.

"தெரியல்ல சேர்."

எவ்வளவு இலகுவாக வந்தது அந்தப் பொய்!

எங்கள் பகுதியின் மருத்துவமாதுவான குடும்பநல உத்தியோகத்தரை ஊரார் 'மிஸ்' என்றுதான் அழைப்பார்கள். அவர் யாரையும் ஏசவில்லை. பாடசாலை விட்டதும் வீடு வீடாகப் போகலாம், ரீச்சரும் கூட வந்தால் சனம் நம்பும் என்றார். நானா...? மறுக்க வழியின்றி அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் ஏறினேன்.

முதல் வீடே தவமணியுடையது. இறால் கூடையின் முன்னால் இருந்தவள், என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"ஆர் தங்கச்சி உங்களுக்கு இப்பிடிச் சொன்ன?" என்று மிஸ் கேட்டார்.

தவமணி என்னைப் பார்த்தாள். நான் இறால் கூடையைப் பார்த்தேன்.

"ஊருக்குள்ள கதைச்சாங்க மிஸ். ஆரெண்டு தெரியல்ல."

ஏன் என்னைக் காப்பாற்றினாள்? மகளின் ஆசிரியை என்ற மரியாதையா? இரக்கமா? இன்றும் எனக்கு விளங்கவில்லை.

மிஸ் அவளருகே குந்தினார். "போன வருசம் என்ட பிரிவில ஒரு அக்கா... ரெண்டு பிள்ளைகள். இந்தப் புத்துநோய் வருத்தத்தக் கண்டுபிடிக்கக்குள்ள நல்லாப் பிந்திற்று. அவ படிக்கிற காலத்தில இந்த ஊசி இல்ல. உங்கட மகளுக்கு இரிக்கு. பிள்ளப்பேறுக்கு ஒண்டும் ஆகாது. என்ட மகளுக்கும் போட்டுத்தான் இரிக்கன்."

தவமணி என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் உங்கட மகளுக்குப் போடுவீங்கதானே ரீச்சர்?"

"ஓம்," என்றேன். மிஸ்ஸின் பேச்சில் என் மனமும் மாறியிருந்தது. அன்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு அவள் கையெழுத்து வைத்தாள்.

இப்படியே ஒரு கிழமை, ஏழு நாளும் அலைந்தோம். சிலர் வாசலிலேயே ஏசினார்கள். நான் விதைத்ததற்கு மிஸ் ஏச்சு வாங்கினார்! ஊசி நாளில் என் மகளும் தவமணியின் மகளும் கை கோத்தபடி வரிசையில் நின்றார்கள். ஆறு மாதத்தில் இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. மிஸ்ஸுக்கும் தவமணிக்கும் நான் எப்படி நன்றி சொல்வேன்? ஒருத்தி என் பிழையை வெயிலில் அலைந்து திருத்தினாள். மற்றவள் என் பெயரை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள். என் மகளின் சட்டைக் கையை மடித்துவிடும்போதெல்லாம் அவர்களை நினைக்கிறேன்... நெஞ்சு நிறைகிறது.

ஆனால், ஒரு பிள்ளைக்கு மட்டும் போடவில்லை. கட்டாரில் வேலைக்குப் போயிருந்த தகப்பன் கடைசிவரை சம்மதிக்கவில்லை. அடுத்த வருடம் வேறு பாடசாலைக்கு மாற்ற விடுகைப் பத்திரம் வாங்க வந்த அந்தப் பிள்ளையின் தாய், அதிபரின் அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரிய உதவி ரீச்சர். நீங்க உங்கட மகளுக்கே போடமாட்டன் எண்டு சொன்னீங்களாம். அதைக் கேட்டுத்தான் நாங்களும் விடல்ல. பிறகு நீங்க மாத்திச் சொன்னது மிஸ்ஸுக்காகத்தான் எண்டு இவர் சொன்னார்."

அதிபர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டுவிடுமோ என்றுதான் அஞ்சினேன்... அந்தப் பிள்ளையை நினைக்கவில்லை! தலையசைத்து அனுப்பிவிட்டேன்.

அவர்கள் இப்போது கரடியனாற்றில் இருக்கிறார்கள். ஒரு பஸ் ஏறினால் போய்விடலாம்.

நான் இன்னும் போகவில்லை.