ஜரிகை சுற்றிய ஃபியூஸ்

நம்பாதவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். இது நடந்தது. பெரிய காஞ்சிபுரத்தில், போன தை மாதம், தெருவே பார்க்க நடந்தது. தேவகி என்னிடம் சொன்னதைக் கண், காது, மூக்கு வைக்காமல் அப்படியே சொல்கிறேன்.

தேவகியின் கணவர் ராமலிங்கம் பட்டுக்கடை முதலாளி. மகள் ஜெயப்ரியாவின் பெண் அழைப்பு ஊர்வலத்துக்கு வாடகைக் கார் வைத்தால் கௌரவம் போய்விடுமாம். எங்கேயோ கிடந்த ஐம்பது வருடத்து அம்பாசிடரை வாங்கி, பளபளவென்று பெயின்ட் அடித்தார். உள்ளே ஒயர்கள் தொட்டால் உதிர்ந்தன. பெட்ரோல் டியூப்பில் வெடிப்பு. இரண்டையும் மாற்றச் சொன்ன மெக்கானிக்கை, தண்டச் செலவு என்று துரத்திவிட்டார். ஊருக்குத் தெரிவது பெயின்ட் மட்டும்தானே!

அன்று மாலை வீட்டு வாசலில் கார் முழுக்க சீரியல் பல்ப் மாட்டினார்கள். போட்டதும் வண்டியின் ஃபியூஸ் போனது. மாற்றினால் மறுபடியும் போனது. அந்த மகானுபாவர் என்ன செய்தார் தெரியுமா? கடையிலிருந்து ஜரிகை இழையை எடுத்து வந்து ஃபியூஸ் மேல் சுற்றினார்.

"என்னாங்க இது? கரன்ட் அதிகமானா அறுந்து போறதுக்குத்தானே ஃபியூஸு?"

"இது சுத்த வெள்ளிடி. இனிமே அறுந்தே போகாது."

அதில் பெருமை வேறு. இந்த ஆளோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தினோமே என்று தேவகிக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. அந்த வண்டியில் உட்காரப் போகிறவள் அவள் பெற்ற பெண்.

மாலை 5:40. மகளுக்கு நகை போட மாடியறைக்குப் போனாள். குப்பென்று பெட்ரோல் வாடை. கார் தெருவில் நிற்கிறது. இங்கே ஏது பெட்ரோல்? மகளின் தலையை முகர்ந்து பார்த்தாள். அத்தனை மல்லிகையிலும் பூ வாசமே இல்லை...

"எனக்கு ஒண்ணும் வரலையேம்மா," என்றாள் ஜெயப்ரியா.

தேவகி கீழே ஓடி வந்தாள். ஃபியூஸில் சுற்றிய ஜரிகை பின்சீட்டில் கிடந்தது. கருகிப்போய். வண்டியை இன்னும் ஸ்டார்ட்டே செய்யவில்லை.

"எந்தக் கழுதைடா புடுங்கினது?" என்று கத்திக்கொண்டே ராமலிங்கம் வேறு ஜரிகை சுற்றினார். பானெட்டை அறைந்து மூடினார்.

அப்போது காருக்குள் யாரோ இருமினார்கள். லொக்... லொக்...

தேவகி கதவைத் திறந்து பார்த்தாள். யாரும் இல்லை. சீட்டைத் தொட்டாள். சுட்டது.

"இந்த வண்டி வேணாங்க. ஆட்டோல போயிடலாம்."

"என் பொண்ணு ஆட்டோல வருவாளா? த்தூ!"

6:15. மேளம் ஆரம்பித்தது. பல்புகள் எரிந்தன. ராமலிங்கம் என்ஜினை ஓடவிட்டு இறங்கினார். ஜெயப்ரியா பின்கதவை இழுத்தாள்.

திறக்கவில்லை.

ராமலிங்கம் இழுத்தார். ஒரு விரற்கடை திறந்தது... படார்! மூடிக்கொண்டது.

மறுபடி இழுத்தார். படார்!

"துருப் புடிச்சிக்கினு இருக்குது!" என்று பல்லைக் கடித்தார்.

டேஷ்போர்டில் புகை...

தேவகி மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

குப்!

கண் மூடித் திறப்பதற்குள் கார் முழுக்க நெருப்பு. மேளக்காரர்கள் சிதறி ஓடினார்கள். யாருக்கும் காயம் இல்லை.

கல்யாணம் நடந்தது. திருஷ்டி கழிந்தது என்று ராமலிங்கம் வெட்கமே இல்லாமல் சொல்லிக்கொண்டு திரிகிறார். அந்த ஜென்மம் திருந்தாது.

பிறகு ஒருநாள் கல்யாண வீடியோ வந்தது. தேவகி தனியாக உட்கார்ந்து பார்த்தாள். கதவை இழுக்கும் இடத்தில் நிறுத்தினாள்.

பின்சீட்டில் ஒரு பெண்.

இரண்டு கையாலும் கதவை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கிறாள். அரக்குப் பட்டு. நெற்றிச்சுட்டி. முகத்தில் ஒரு பாதி கருகியிருக்கிறது.

மறுபாதி...

ஜெயப்ரியா.

கண்ணாடிக்கு வெளியே, அதே அரக்குப் பட்டில், அப்பாவுக்குப் பக்கத்தில் ஜெயப்ரியா நின்றுகொண்டிருக்கிறாள்.