தட்ட வேண்டாத கதவு

போன்சியானோ யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கதவைத்தான் நலம் விசாரிப்பார். நாடி பார்க்கிற மாதிரி உள்ளங்கையை மரத்தில் வைத்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நிற்பார். உள்ளே இருப்பவர்கள் காத்திருக்கப் பழகிவிட்டார்கள். "லேசா வளஞ்சிருக்கு. பரவாயில்ல, நம்மள மாதிரிதானே" என்று சொன்ன பிறகுதான் வீட்டுக்காரர் பக்கம் திரும்புவார்.

ஸ்பெயின் மலைநாட்டில், தெருவேல் நகரத்தில் அவர் தச்சர். வயது முப்பத்தொன்று, புருவத்தில் எப்போதும் மரத்தூள் படிந்திருப்பதால் ஐம்பது என்று தோன்றும். கால்விரல் இரண்டைக் குளிர் தின்றுவிட்டது. அதனால் வெயில் காலத்திலும் பனியில் புதைந்து நடப்பவர் போலவே நடக்கிறார்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, உள்நாட்டுப் போரில், ஒரே குளிர்காலத்தில் ஊர் இரண்டு முறை கைமாறியது. கன்னியர் மடத்து நிலவறையில் எழுபது பேர் ஒண்டிக் கிடந்தார்கள். குண்டுச் சத்தம் ஓயும்போதெல்லாம் பத்தொன்பது வயது போன்சியானோவை விறகு தேட மேலே அனுப்பினார்கள். மரமென்று மிஞ்சியிருந்தவை கதவுகள்தான். கழற்றக் கழற்ற வீடுகளுக்குள் பனி நுழைந்தது. கூப்பிடாமலே வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தது, தொட்டிலில் படுத்தது. ஒவ்வொரு கதவும் எரிகையில் அந்தந்த வீட்டு மணம் வந்ததாம்: ஒன்றில் பூண்டு, ஒன்றில் ஆட்டுப்பால், ஒன்றில் கல்யாண நாள் மெழுகுவத்தி. அந்த மணத்திலேயே நிலவறை தூங்கிப்போகும்.

மொத்தம் இருபத்து மூன்று கதவுகள். எது யார் வீட்டுடையது, எந்தப் பலகையில் கணு இருந்தது, எல்லாம் அவருக்கு நினைவிருக்கிறது. கூலி வேலை முடிந்தபின் ஒவ்வொன்றாகச் செய்து, யாரும் கேட்காமலே மாட்டிவிட்டு வந்தார். இருபத்திரண்டு முடிந்தன.

கிதேரியாவின் வாசலில்தான் முட்டிக்கொண்டது. ஆற்றங்கரையில் துணி துவைத்துப் பிழைக்கும் விதவை. நிலவறையில் அவளும் இருந்தாள்; தன் கதவு நெருப்பில் கிடப்பதை அடையாளம் கண்டும், அதிலேயே குளிர் காய்ந்தவள். மகன் ஃபெர்மின் அந்தச் சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை. எந்தப் பக்கம் நின்றான் என்று இந்த ஊரில் இப்போது யாரும் கேட்பதில்லை. பன்னிரண்டு வருடமாக அவள் வாசலில் ஒரு கம்பளிதான் தொங்கியது.

இரண்டு முறை கதவு கொண்டுபோனார். இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டாள். போன இலையுதிர்காலத்தில் நெஞ்சுச்சளி முற்றி, இந்தக் குளிரை அவள் கம்பளியோடு தாண்ட மாட்டாள் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். போன்சியானோ மறுபடியும் போய் நின்றார்.

"அத்தை, நீங்க இருமுறது சந்தை வரைக்கும் கேக்குது."

"உன் ரம்பத்துக்கு என் இருமல் தேவலடா" என்றாள். பிறகு, "ஃபெர்மின் வந்தா தட்டிட்டு நிக்கணுமா? அவன் என்ன விருந்தாளியா?"

அவர் பட்டறைக்குத் திரும்பினார். ஒரு மாதம் யோசித்து ஒரு கதவு செய்தார். பூட்டு இல்லை, தாழ்ப்பாள் இல்லை. கீலை ஒரு நூலளவு சாய்த்து அடித்திருந்தார். ஒரு விரலால் தள்ளினால் திறக்கும். விட்டால் தன் கனத்திலேயே வந்து மூடிக்கொள்ளும். கிதேரியா தள்ளிப் பார்த்தாள். மறுபடியும் தள்ளினாள்.

"வளஞ்சுல்ல இருக்கு."

"நம்மள மாதிரிதானே, அத்தை."

அவள் கம்பளியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை அந்த வழியாகப் போனவர், வழக்கம்போல் உள்ளங்கையை வைத்தார். கதவு சத்தமில்லாமல் திறந்தது. அடுப்படியில் கிதேரியா கரண்டியும் கையுமாக எழுந்து நின்றிருந்தாள். அப்படி ஒரு முகத்தை அவர் அவளிடம் பார்த்ததே இல்லை. "நீயா" என்று சொல்லி, மெல்ல உட்கார்ந்தாள்.

குளிர்காலம் முடியப்போகிறது. அவள் இருமல் குறைந்திருக்கிறது. போன்சியானோ இப்போதும் தினமும் அந்த வழியாகத்தான் பட்டறைக்குப் போகிறார். கதவுக்கு நாலடி முன்னாலேயே பனியில் நின்று, இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, "அத்தை, நான்தான்" என்று குரல் கொடுக்கிறார்.