இடது பக்கம் இழுக்கும் வண்டி

விரல்கள் சக்கரத்தின் ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிப் பார்க்கின்றன. சத்தம் தளர்ந்த இடத்தில் நின்று, சாவியால் கால்வாசித் திருகு. சக்கரத்தைச் சுழற்றி, ஓரத்தில் பிடித்த சாக்பீஸ் எங்கே உரசுகிறது என்று பார்த்துவிட்டு, இன்னொரு கால் திருகு. அரைத் திருகு கொடுத்தால் கோட்டம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தாவிவிடும். இது பிடிபட அந்தக் கைகளுக்கு நாலு புதன்கிழமைகள் ஆயின.

கைகளுக்குச் சொந்தக்காரருக்கு வயது அறுபத்தொன்று. மற்ற நாட்களில் அவர் லிஃப்ட் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் தலைமை நிர்வாகி. பத்தொன்பது வயதில் ஃபிட்டராகச் சேர்ந்து, லிஃப்ட் குழிகளில் தொங்கி வேலை பழகி, மெல்ல மெல்ல ஏழாவது மாடி அறைக்குப் போனவர். ஆட்கள் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் ‘மேல்மாடி’. அவர் ஓய்வுபெற எட்டு மாதம்தான் இருக்கிறது என்று தெரிந்ததும், “மேல்மாடி காலியாகப் போகுதுடா” என்று கேன்டீனில் ஒரே சிரிப்பு. அது அவர் காதிலும் விழுந்தது. கோபம் வரவில்லை. காலி செய்தால் உள்ளே என்ன மிஞ்சும் என்று அவருக்கே தெரியவில்லை.

பெரிய பதவியிலிருந்து இறங்குகிறவர்கள் அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க உதவும் ஓர் ஆலோசகி இருந்தார். கம்பெனிதான் ஏற்பாடு செய்தது. முதல் நாளே ஒரு தாளை நீட்டினார்.

“நேத்து நீங்க செஞ்ச வேலையெல்லாம் எழுதுங்க சார்.”

இருபத்திரண்டு வரி எழுதினார்.

“இதுல அடுத்தவங்க கையால நடந்ததையெல்லாம் அடிச்சிடுங்க.”

அடித்தார். கையெழுத்துப் போட்டதும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்ததும் மிஞ்சின. “கண்ணாடியாவது நீங்களே துடைக்கிறீங்களே” என்றார் ஆலோசகி. அவருக்கும் சிரிப்பு வந்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இது எந்த வருஷத்திலிருந்து இப்படி ஆனது என்று அன்று முழுக்க யோசித்தார்.

மனைவிக்கு அந்தக் கவலை இல்லை. “நாள் முழுக்க வீட்ல உக்காந்து என்னை மேற்பார்வை பாக்கிறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் எங்கயாவது வேலைக்குப் போயிடறேன்.”

வாரத்தில் ஒரு நாள் வேறு ஏதாவது செய்து பாருங்கள், பதவியில் இருக்கும்போதே பாருங்கள் என்று ஆலோசகி சொன்னதால்தான் ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் இருக்கும் இந்தச் சக்கரநாற்காலிப் பட்டறைக்கு அவர் வந்தார். நடத்துகிறவர் நாற்பது வயதுப் பெண்மணி. எல்லோரும் அவரை அக்கா என்றார்கள். ஒரு வாரம் தயங்கிவிட்டு இவரும் அக்கா என்றார்.

போன புதன்கிழமை நடந்தது இது. ஒரு கணக்கு டீச்சர், தன் அண்ணனோடு வந்தார். தன் நாற்காலி வண்டி இடது பக்கமாகவே இழுக்கிறது என்றார். “வெள்ளிக்கிழமை வாங்கம்மா, பாத்துக்கலாம்” என்று சொல்லி வண்டியை வாங்கி மூலையில் வைத்தார் இவர்.

பாத்துக்கலாம். முப்பது வருஷமாக அவர் சொல்லி வந்த சொல். ஏழாவது மாடியில் அதைச் சொன்னால் கீழே பதினோரு பேர் ஓடுவார்கள். யார் பார்ப்பது என்பது அந்தச் சொல்லில் இல்லை, தேவையும் இருந்ததில்லை. பட்டறையில் வண்டியை வாங்குகிறவர் தன் பெயரைச் சீட்டில் எழுதிக் கட்ட வேண்டும். வேலை முடிந்தால் சீட்டை அவிழ்க்க வேண்டும். இவர் சீட்டே கட்டவில்லை. சீட்டில்லாத வண்டி, முடிந்த வண்டி என்று அக்கா நினைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை வந்த அண்ணன், தொடாத வண்டியைப் பார்த்துவிட்டுக் கத்திவிட்டுப் போனார். மாற்று வண்டிகள் இரண்டும் வெளியே போயிருந்தன. அக்காவே செய்யலாமென்றால், அவர் வெளியூர் முகாமுக்கு அன்றே கிளம்ப வேண்டியிருந்தது. இன்றோடு ஐந்து நாளாக டீச்சர் பள்ளிக்கூடம் போகவில்லை. நாளைக்கும் போகாவிட்டால் பத்தாம் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

“ஒண்ணு, நீங்களே முடிங்க சார். இல்ல, முடியாதுன்னு இப்பவே சொல்லுங்க, நான் எடுத்துக்கறேன்” என்றார் அக்கா காலையில். “நடுவுல நிக்காதீங்க.”

“நானே முடிக்கிறேன் அக்கா.”

கோட்டம் எடுத்தாயிற்று. சக்கரத்தை மாட்டி, தானே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். இன்னும் இடது பக்கம்தான் இழுத்தது.

எரிச்சல் வர வேண்டிய இடம். அவருக்கோ முதுகு நிமிர்ந்தது. காற்று? இரண்டு டயரிலும் சமம். அச்சு? நேராக இருந்தது. வண்டியைக் கவிழ்த்து முன்னாலிருந்த சின்னச் சக்கரங்களை விரலால் சுண்டினார். வலது வெகுநேரம் சுற்றியது. இடது இரண்டே சுற்றில் நின்றது.

அந்த நேரம் பார்த்து முதலாளி அழைத்தார். பழைய முதலாளியின் மகன். கை முழுக்கப் பிசுக்கு. அக்கா ஃபோனை அவர் காதருகே பிடித்தார்.

“சார், ரிட்டயர் ஆனதும் உங்களுக்குத் தரேன்னு சொன்ன அந்த ஆலோசகர் பதவிக்கு இன்னிக்குள்ள பதில் சொல்லணும். அதே ரூம், அதே கார். நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம்.”

“அதுதான் தம்பி பயமா இருக்கு.”

“என்ன சார், விளையாடறீங்களா?”

“இல்ல. எனக்கு அது வேணாம். இந்த எட்டு மாசத்துல என் வேலை ஒவ்வொண்ணையும் யாருன்னு பேர் போட்டுக் கொடுத்துடறேன். அப்புறம் உங்களுக்கு நான் தேவைப்பட மாட்டேன். இப்ப வெக்கிறேன், ஒரு டீச்சர் காத்திருக்காங்க.”

அக்கா ஃபோனை அணைத்தார்.

இவர் இடது சின்னச் சக்கரத்தைக் கழற்றினார். அச்சைச் சுற்றித் தலைமுடியும் நூலும் கெட்டியாக இறுகிக் கிடந்தன. குறடால் பிடித்து இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. “அக்கா, இங்க பாருங்க! ஒரு குருவிக்கூடே கட்டலாம் போல” என்று கூவினார்.

நாலு மணிக்கு டீச்சர் வந்தார். அண்ணன் முறைத்துக்கொண்டே அவரை ஆட்டோவிலிருந்து தூக்கி வண்டியில் உட்கார வைத்தார்.

“மன்னிக்கணும் டீச்சர். தப்பு என்னோடது” என்றார் இவர்.

“ஓட்டிப் பாத்துட்டு மன்னிக்கிறேன்” என்று டீச்சர் இரண்டு கைகளாலும் தள்ளினார். வண்டி நேரே வலது பக்கச் சுவரைப் பார்த்துப் போனது. இவர் பதறி ஓடிக் கைப்பிடியைப் பிடித்தார்.

டீச்சர் தன் கைகளைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். “வண்டி சரியாத்தான் இருக்கு. ரெண்டு வருஷமா இடது கையால அழுத்தித் தள்ளியே பழகிட்டேன் சார். கைக்கு இன்னும் தெரியல.”

“கொஞ்ச தூரம் நான் பிடிச்சுக்கட்டுமா?”

“வேணாம். விடுங்க, நானே போறேன்.”

அவர் கைப்பிடியை விட்டார்.