அடைக்கக் கூடாத ஓட்டை

சிலிகான் பசை பீய்ச்சும் 'கன்'னைக் கையில் பிடித்தவனெல்லாம் மேஸ்திரி என்று ஆகிவிட்ட காலம் இது. நான் இருபத்தைந்து வருடமாகச் சேந்தமங்கலத்திலிருந்து ஊர் ஊராகப் போய் அலுமினிய ஜன்னல் மாட்டுகிறேன். ஜன்னலின் பாரத்தைத் தாங்கிவிடலாம். வீட்டுக்காரர் சொல்லும் யோசனைகளைத்தான் தாங்க முடியாது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரே ஒரு வீட்டைப் பற்றி எழுதுகிறேன்.

1. வினிகர் வாடை

மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டில் செல்லாயி, பழனி தம்பதியின் புது வீடு. ஆறு ஸ்லைடிங் ஜன்னல்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சிலிகான் அடிக்க வேண்டும். "சிமென்ட் சுவருக்கு நியூட்ரல் டியூப்தான் பிடிக்கும், அதையே வாங்கி வையுங்க" என்று பழனியிடம் போனில் மூன்று முறை சொல்லியிருந்தேன். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் டியூபைத் திறந்தால் வினிகர் வாடை குப்பென்று அடித்தது. அது மீன் தொட்டிக் கண்ணாடி ஒட்டுகிற ரகம். சிமென்ட்டில் போட்டால் சீக்கிரமே உரிந்து வந்துவிடும்.

"எல்லாம் ஒரே பசைதானுங்களே. இது வெல கம்மின்னு கடைக்காரரு குடுத்தாரு" என்றார் பழனி.

தலையில் அடித்துக்கொண்டு, சரியான டியூப் வாங்க மலை இறங்கினேன். அன்றைய நாள் அதிலேயே போயிற்று.

2. ஆளுக்கொரு விரல்

மறுநாள் சுவர் ஓரத்தைத் தூசி போகத் துடைத்து, ஈரமில்லை என்று பார்த்து, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, நடுவில் நிறுத்தாமல் ஒரே இழுப்பாகச் சிலிகான் அடித்தேன். "நாளைக்கு வரைக்கும் யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் ஜன்னலுக்கு ஜன்னல் விரல் குழி! புது வீடு பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு தரம் அழுத்திப் பார்த்திருக்கிறார்கள்.

"காஞ்சிருச்சான்னு பாத்தமுங்க" என்றார் ஒரு பெரியவர், விரலை வேட்டியில் துடைத்தபடி.

அத்தனையையும் வழித்தெடுத்துவிட்டு முதலிலிருந்து அடித்தேன். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

3. பன்னிரண்டு ஓட்டைகள்

கிளம்பும் நேரத்தில் செல்லாயி வந்தார். ஒவ்வொரு ஜன்னலின் அடிச்சட்டத்திலும் வெளிப்பக்கம் இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கும். அதைக் காட்டினார்.

"ஏனுங்ணா, புது ஜன்னல்ல ஓட்டைய வுட்டுட்டுப் போறீங்க? எறும்பு வராதுங்களா?"

"அது தண்ணி வெளிய போற வழி அம்மணி. மழ அடிச்சா ஜன்னல் ஓடற கீழ்த் தடத்துல தண்ணி நிக்கும். இந்த ஓட்டைதான் அத வடிக்கும்."

"ஓட்டைய அடைக்கத்தானுங்களே உங்களக் கூப்புட்டோம்?"

மூன்று தரம் விளக்கினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். பழனியும் வந்து, "அடைச்சுப்போட்டுப் போங்ணா" என்றார். என் பொறுமை போய்விட்டது. பட்டால்தான் புத்தி வரும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே பன்னிரண்டு ஓட்டைகளையும் அடைத்தேன். நன்றாகவே அடைத்தேன்.

சித்திரையில் கோடை மழை விடாமல் பெய்தது. நாலாம் நாள் பழனியிடமிருந்து போன். "உங்க பசை ஒழுகுதுங்க, வந்து பாருங்க."

பஸ்ஸில் போகும்போதே என்னென்ன திட்டுவது என்று யோசித்து வைத்திருந்தேன். உள்ளே போய்ப் பார்த்தேன். தடத்தில் நிறைந்த தண்ணீர் அறைக்குள் வழிந்து, ஜன்னலுக்குக் கீழே வைத்திருந்த சாமை விதை மூட்டையை நனைத்திருந்தது. மூட்டை நனைந்ததை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. அவர்களுடைய மானாவாரிக் காட்டில் விளைந்ததில் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்த விதை. ஆனியில் விதைக்க வேண்டியது. கடையில் கேட்டால் அந்த ரகம் கிடைக்காது. மூட்டையைப் பிரித்தால் பாதிக்குமேல் வெள்ளையாக முளைவிட்டிருந்தது.

கத்தியால் ஓட்டைகளைக் கீறிவிட்டேன். தண்ணீர் வெளியே கொட்டியது.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்று கேட்டும் விட்டேன்.

செல்லாயி முளைவிட்ட சாமையைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொன்னீங்கதானுங்க. எங்களுக்குத் தெரியாது, அடைக்கச் சொன்னோம். தெரிஞ்ச நீங்க எதுக்குங்க அடைச்சீங்க?"

"கோவத்துலதான் அம்மணி."

"உங்க கோவத்துக்கு எங்க வெதைதான் கெடச்சுதுங்களா?"

வெட்கத்தில் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த ஆனியில் அவர்கள் பாதிக் காட்டில்தான் சாமை விதைத்தார்கள்.

வீட்டுக்காரருக்கு வேலை தெரியாது, அதனால் தப்பாகக் கேட்பார். தெரிந்த நாம் அதைச் செய்துவிட்டு, அவர்தான் சொன்னார் என்று தப்பிக்கக் கூடாது. அந்த ஓட்டையை அடைக்கச் சொன்னால் கன்னைக் கீழே வைத்துவிட்டுப் பஸ் ஏறுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். செல்லாயி என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.