நான் கழற்றிய எர்த் வயர்

பழைய பவர் அம்பிளிபயர் ஒன்று வாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. உரும்பிராயில் ஒலிபெருக்கிச் சேவை நடத்திய ஒருவர் தன்னுடையதை விற்றார். தூக்கவே இரண்டு பேர் வேண்டும். ஓட்டோவில் மானிப்பாய் வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டிப் பாட்டுப் போட்டேன். சத்தம் அருமை. ஆனால் பாட்டுக்குப் பின்னால் ‘உம்’ என்று ஓர் இரைச்சல் ஓயாமல் கேட்டது. விற்றவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“பிளக்குக்குள்ளை எர்த் வயரைக் கழட்டி விடுங்கோ அண்ணை. திருவிழாக்களிலை நாங்கள் அப்பிடித்தான் செய்யிறனாங்கள்” என்றார்.

கழற்றினேன். இரைச்சல் நின்றது. இரண்டு மாதம் நிம்மதியாகக் கேட்டேன்.

ஒரு நாள் காலை மனைவி ஈரத்துணியால் அம்பிளிபயரைத் துடைத்தபோது கறண்ட் அடித்துவிட்டது. ட்ரிப் சுவிச் விழுந்து மின்சாரம் நின்றதால் தப்பினார். விழுந்த இடத்தில், நிலத்தில் இருந்தபடியே, “இனி உங்கடை பெட்டியை நீங்களே துடையுங்கோ” என்றார். ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பழுது பார்ப்பவர் வந்து திறந்தார். உள்ளே மின்சாரம் வரும் ஒரு வயரின் உறை உக்கி உதிர்ந்து, வயர் இரும்புப் பெட்டியில் முட்டிக்கொண்டிருந்தது.

“எர்த் இருந்திருந்தால் அக்கா தொட முன்னமே ட்ரிப் விழுந்திருக்கும் அண்ணை” என்றார்.

அந்த வயரை மாற்றி, எர்த்தையும் திரும்பப் பூட்டினோம். இரைச்சலும் திரும்பி வந்தது. அதோடு மல்லுக்கட்ட இனி எனக்குத் தெம்பில்லை. இப்போது பிளக்கைக் கழற்றிவிட்டு நான்தான் துடைக்கிறேன். பாட்டையும் இரைச்சலோடுதான் கேட்கிறேன். என்றைக்காவது அந்த இரைச்சல் கேட்காவிட்டால், பாட்டை நிறுத்திவிட்டு முதலில் எர்த் வயரைத்தான் பார்க்கிறேன்.