வண்டிக்காரர் ஏற்றிய லோடு

அச்சன்புதூரில் குற்றாலிங்கம் என்று முழுப்பெயர் சொல்லி விசாரித்தால் யாருக்கும் ஆளைக் காட்டத் தெரியாது. வண்டிக்கார குத்தாலம் என்றால் சின்னப்பிள்ளையும் கைநீட்டும். இரண்டு ஜோடி மாடு, இரண்டு பாரவண்டி. எங்கள் பக்கத்து நெல்லும் வைக்கோலும் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இருபது வருஷமாக அவர் வண்டியில்தான் போயின. பாரம் ஏற்றுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மூட்டைகளை அடுக்கியபின் நுகத்தடியை இரண்டு விரலால் தூக்கிக் காட்டுவார். முன்பாரமும் பின்பாரமும் அவ்வளவு ஒத்து நிற்கும்.

1960 மாசியில், பிசான நெல் அறுப்பில் வியாபாரிகள் லாரியைக் களத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். குத்தாலம் அண்ணாச்சியின் வண்டிகள் நான்கு நாள் சும்மா நின்றன. ஐந்தாம் நாள் அவர் மாடுகளை விற்றார். மிலிட்டரியில் ஏலம் போய், பல கை மாறி வந்த ஒரு பழைய லாரி திருநெல்வேலியில் விலைக்கு இருந்தது. மாட்டை விற்றது அதற்குப் பற்றவில்லை. அவர் மனைவி ஆவுடையம்மாள் மதினிக்குப் பிறந்த வீட்டில் சீதனமாக, மஞ்சக்காணியாகக் கொடுத்த வயல் ஆய்க்குடிப் பக்கம் இருந்தது. அதுவும் போயிற்று.

"லாரிக்கு ஒண்ணு ஆச்சுன்னா பூட்டுறதுக்கு மாடும் இல்ல, நாத்து நட வயலும் இல்ல. அது நெனைப்புல இருக்கட்டும்" என்றார் மதினி. 

அப்போது அண்ணாச்சிக்கு நாற்பத்திரண்டு வயது. பாவூர்ச்சத்திரத்து அருமைநாயகம் டிரைவராக வந்தார். இரண்டாவது வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த செல்லச்சாமி கிளீனர் ஆனார். அவருக்கும் நாற்பது இருக்கும். லோடு இல்லாத நாளில் அருமைநாயகம் வற்றிய குளத்துக்குள் லாரியை இறக்கி அண்ணாச்சிக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நிறுத்தச் சொன்னால் அண்ணாச்சியின் கால் அசையாது, மாட்டை நிறுத்துவதுபோல் நாக்கு சொடுக்கும்.

"அண்ணாச்சி, இதுக்குக் காது கெடையாது. மிதியும்வே! மிதியும்!"

கரையில் நின்ற கூட்டம் ஒரு வாரம் அதையே சொல்லிச் சிரித்தது. ஆனாலும் மூன்றே மாதத்தில், திருநெல்வேலியில் சமதளத்தில் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கிவிட்டார். விண்ணப்பம் எழுதியது நான்.

ஆனி பிறந்து சாரல் விழுந்தது. குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் இந்த வட்டாரத்தில் டிரைவர் கிடைப்பது குதிரைக்கொம்பு. அருவிக்கு ஜனங்களைக் கொண்டுவரும் பஸ்களுக்கு இரட்டைச் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொள்வார்கள். அருமைநாயகமும் போனார். "ரெண்டு மாசம் பொறும் அண்ணாச்சி, ஆவணியில வந்திருதேன்." லாரி வேப்பமரத்தடியில் நின்றது. தென்காசியில் மண்டி வைத்திருந்த வல்லிநாயகத்துக்கு, மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்துப் புனலூருக்குப் புண்ணாக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

"ஓட்ட ஆளு உண்டுமா? இல்ல, வேற லாரி பாக்கட்டுமா?"

"நானே ஓட்டுதேன்" என்றார் அண்ணாச்சி. புளியரைக்கு மேலே மலைப்பாதையில் அதுவரை அவர் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார்.

நான் பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருந்த நேரம். எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள். "செக்போஸ்டுல எவனாவது இங்கிலீஸுல கேட்டான்னா? நீயும் வாடே" என்று என்னையும் கூட்டிக்கொண்டார். பெருமையாகத்தான் இருந்தது.

மொத்தம் நாற்பத்தைந்து மூட்டை. லாரி நிறையாது. செல்லச்சாமி வழக்கம்போல் முன்னாலிருந்து அடுக்கப் போனார். அண்ணாச்சி தடுத்தார்.

"முன்னால அம்புட்டு இரும்பு கெடக்குல்லா இஞ்சினுன்னு? அதுவே முன்பாரம். அதைச் சரிக்கட்டணும்னா மூட்டை பின்னால போகணும்லே."

"அருமைநாயகம் இப்படி ஏத்த மாட்டாரே அண்ணாச்சி."

"அவரு மாடு மேச்சிருக்காரா, வண்டி பூட்டியிருக்காரா? அடுக்குலே."

நெம்புகோல், தாங்குபுள்ளி எல்லாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அண்ணாச்சி சொன்னதைக் கேட்டு, படிக்காமலே எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார் என்று வியந்து தலையாட்டினேன். மூட்டைகள் அத்தனையும் பின்சக்கரத்துக்குப் பின்னால் ஏறின.

செங்கோட்டை தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. புளியரையில் ஏற்றம் தொடங்கியதும் அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்தது. "ஸ்டியரிங் லேசா இருக்குடே. ஒத்தை விரலுக்குத் திரும்புது பாரு." நானும் பார்த்தேன். சாரலில் ரோடு கறுத்து மினுங்கியது.

இரண்டாவது வளைவில் அவர் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தார். லாரி திரும்பவில்லை. முன்சக்கரங்கள் ஒருபக்கமாய்த் திரும்பி நிற்க, லாரி நேராகவே போனது. எதிரே வரிசையாக வெள்ளையடித்த கற்கள். அதற்கப்பால் மரங்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. அண்ணாச்சி பிரேக்கை மிதித்தார். கல்லில் இடித்து இஞ்சின் நின்றது. ஒரு மூச்சு நேரம் அசையாமல் இருந்துவிட்டு, பழைய பிரேக் பாரத்தைத் தாங்காமல் லாரி மெல்லப் பின்னால் உருளத் தொடங்கியது.

"கட்டை! கட்டை போடுலே!"

செல்லச்சாமி அதற்குள் குதித்திருந்தார். தடைக்கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் செருகினார். முதல் தடவை அது ஈரத்தில் வழுக்கியது. இரண்டாம் தடவை காலாலேயே அழுத்திக் கொடுத்தார். லாரி நின்றது.

"அண்ணாச்சி... காலு" என்றார் செல்லச்சாமி. கத்தவில்லை. அதுதான் எங்களுக்கு அதிகம் பயமாக இருந்தது.

புனலூரிலிருந்து பலகை ஏற்றிக்கொண்டு மலையிறங்கி வந்த ஒரு லாரி நின்றது. தென்காசி டிரைவர் அகமது கபீர். செல்லச்சாமியைத் தூக்கித் தன் பக்கத்து சீட்டில் கிடத்திவிட்டு, எங்கள் லாரியை ஒருமுறை சுற்றிவந்தார்.

"எத்தனை நாளாவே ஓட்டுதீரு?"

"மூணு மாசம்."

"லோடு அடுக்குனது யாரு?"

"நாந்தான்."

"இஞ்சினை மாடுன்னே வச்சிக்கிடும். முன்சக்கரம்தான் அதுக்குக் காலு. காலு தரையில ஊனாம எப்படிவே திரும்பும்? பாதி மூட்டையை முன்னால தள்ளிட்டு, முதல் கியர்லயே ஏறும்." செல்லச்சாமி முனகியதும் கபீர் அதற்குமேல் நிற்கவில்லை. செங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு இறங்கிவிட்டார்.

நானும் அண்ணாச்சியும் சாரலில் நனைந்தபடி மூட்டைகளை முன்னால் இழுத்தோம்.  நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முதல் கியரிலேயே மலை ஏறிப் புனலூரில் லோடை இறக்கினோம். திரும்பி வரும்போது செல்லச்சாமிக்கு இரண்டு கால்விரல்களை எடுத்திருந்தார்கள்.

"மாடு எத்தனையோ தடவை மிதிச்சிருக்கு, அண்ணாச்சி. அதுவா காலை எடுத்துக்கிடும்" என்றார் கட்டிலில் கிடந்த செல்லச்சாமி. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "இனிமே என்னைக் கூப்பிடாதிய."

அடுத்த வியாழக்கிழமை வல்லிநாயகம் மிளகாய் வத்தல் லோடு சொல்லியிருந்தார். அதுவும் புனலூருக்குத்தான். விட்டால் அந்த மண்டியை மறந்துவிட வேண்டியதுதான். காலையில் அண்ணாச்சி குளித்துத் திருநீறு பூசி, ஏறி உட்கார்ந்து இஞ்சினை ஓடவிட்டார். அரைமணி நேரமாக அது ஓடிக்கொண்டே இருந்தது. லாரி நகரவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த கைகளும் எழவில்லை. தெருவில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். கூட வரச் சொல்வாரோ என்று நான் பின்னால் ஒதுங்கி நின்றேன். அதை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

மதினி தூக்குச்சட்டியோடு வெளியே வந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபக்கக் கதவைத் திறந்து ஏறினார்.

"ஏட்டி, எறங்கு. பொம்பளை லாரியில மலைக்குப் போனா ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஊரா வயலைத் திருப்பித் தரும்?"

"பயமா இருக்குட்டி" என்றார் அண்ணாச்சி. அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நாங்கள் கேட்டதே இல்லை.

"எனக்கும்தான். ஒத்தையில விட்டா இன்னைக்கு முழுக்க இங்கனயே உக்காந்திருப்பிய." காலடியில் குனிந்து தடைக்கட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இதை எப்பம் போடணும்? லாரி நின்ன பெறகா, உருளும்போதேவா?"

அண்ணாச்சி அவரைப் பார்த்தார். 

"சரி, போங்க. போற வழியில சொல்லுங்க" என்றார் மதினி.

அண்ணாச்சி கியரைப் போட்டார்.